டோல் சாவடியில் ஓர் எலெக்ட்ரான்



நான் ஆறாம் படிவத்தில் படித்தபோது சோதனையில் ஒரு கேள்வி வந்தது: "உலோகத்தின் மேல் விழும் ஒளியின் பிரகாசத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால், வெளியேறும் எலெக்ட்ரானின் அதிகபட்ச இயக்க ஆற்றல் கூடுமா?" யோசிக்காமல் "கூடும்" என்று எழுதினேன். தவறு! சூத்திரம் மனப்பாடம், பொருள்தான் தெரியவில்லை.

போன ஞாயிறு வகுப்பில் ஒரு தங்கை இதே பாடத்தில் என்னை மடக்கினாள். "அண்ணா, கோட்பாட்டு மாதிரின்னா விஞ்ஞானிங்க உட்கார்ந்து கற்பனை பண்றதுதானே? அதை ஏன் நாங்க நம்பணும்?"

நல்ல கேள்வி. அதற்கான பதிலே இந்தப் பாடம்.

டோல் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 3 வெள்ளி. தலா 2 வெள்ளி உள்ள நூறு கார்டுகள் உங்களிடம் இருந்தாலும் தடுப்புக் கட்டை எழும்பாது. ஒரே கார்டில் 5 வெள்ளி இருந்தால் கட்டை திறக்கும். 2 வெள்ளி மிஞ்சும்.

1905இல் ஐன்ஸ்டைன் சொன்ன மாதிரியும் இதுதான். கார்டு என்பது ஃபோட்டான். கட்டணம் என்பது உலோகப் பரப்பை விட்டு எலெக்ட்ரான் வெளிவரத் தேவையான வெளியேற்று ஆற்றல். மீதிதான் இயக்க ஆற்றல். ஆழத்தில் உள்ள எலெக்ட்ரான் வரும் வழியில் இன்னும் கொஞ்சம் இழக்கும். அதனால்தான் "அதிகபட்ச" என்ற சொல். பிரகாசத்தைக் கூட்டினால் கார்டுகளின் எண்ணிக்கைதான் கூடும். ஒரு கார்டில் உள்ள தொகை கூடாது. நான் கோட்டைவிட்ட இடம் இதுதான்.

சரி, இது கற்பனை இல்லை என்று எப்படித் தெரியும்? இந்த மாதிரி ஒரு சவாலையும் சேர்த்தே வைத்தது: ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக அதிகபட்ச ஆற்றலை வரைந்தால் நேர்கோடு வரவேண்டும், எந்த உலோகமானாலும் கோட்டின் சரிவு ஒன்றாகவே இருக்கவேண்டும். வளைந்த கோடு வந்தால் கதை முடிந்தது.

அமெரிக்காவின் மில்லிக்கன் இந்த ஃபோட்டான் கருத்தை நம்பவில்லை. ஏறக்குறைய பத்தாண்டுகள் உழைத்தார். காற்றுப் பட்டால் உலோகப் பரப்பு கெட்டுவிடும் என்பதால், வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தி வைத்து சோடியத்தைச் சீவினார். கிடைத்தது நேர்கோடு! தமக்குப் பிடிக்காத முடிவை 1916இல் மறைக்காமல் வெளியிட்டார்.

இந்தக் கணக்கு இன்னோர் இடத்திலும் வருகிறது. 1928இல் டிராக் எழுதிய சமன்பாடு, எலெக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம் கொண்ட ஒரு துகளைச் சுட்டியது. முதலில் அது புரோட்டானாக இருக்கலாம் என்று நினைத்தார், பொருந்தவில்லை. 1931இல், அது எலெக்ட்ரானின் நிறையே உள்ள புதிய துகள் என்று திருத்திச் சொன்னார். மறு ஆண்டே, மில்லிக்கனின் மாணவர் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களில் அதன் தடத்தைக் கண்டார். அதுதான் பாசிட்ரான்.

அணுக்கரு ஒன்றின் அருகே, போதிய ஆற்றலுள்ள ஃபோட்டான் மறைந்து எலெக்ட்ரான்–பாசிட்ரான் இணையாக மாறலாம். இங்கே கட்டணம் இரண்டு துகள்களின் நிறை: 1.022 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். மிஞ்சுவது இயக்க ஆற்றல். சாவடி வேறு, கணக்கு ஒன்றே!

ஆக, தங்கையே, கற்பனை தொடக்கம்தான். "இப்படி நடக்காவிட்டால் நான் தவறு" என்று துணிந்து சொல்வதே நல்ல மாதிரி. பிடிக்காவிட்டாலும் வந்த விடையை ஏற்பவரே நல்ல ஆய்வாளர். நம் சொந்தக் கருத்துகளையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாமே!

பயிற்சி: வெளியேற்று ஆற்றல் சோடியத்துக்குச் சுமார் 2.3, துத்தநாகத்துக்குச் சுமார் 4.3 எலெக்ட்ரான் வோல்ட். ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 3 எலெக்ட்ரான் வோல்ட். எந்தக் கட்டை திறக்கும்? மீதி எவ்வளவு? பிரகாசத்தை நூறு மடங்காக்கினால் மற்றது திறக்குமா? காரணத்தோடு எழுதி வாருங்கள். விடை மட்டும் போதாது!