ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரங்கள்



அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட முதியவரைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “நல்லா ரெஸ்ட் எடுங்க ஐயா.” நாங்களும் வார்டுகளில் அதைப் பல வருடங்கள் சொல்லி வந்தோம். ஜெபித்து, தலையணையைச் சரிசெய்து, அதைச் சொல்லியே விடைபெறுவோம். அன்பினால் சொன்னதுதான். ஆனாலும் தளர்ந்துபோன முதியவருக்கு அந்த வார்த்தை எவ்வளவு கேடு செய்கிறது என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் ஆரோக்கியமான 12 முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தார்கள். 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்துபோயிற்று. அவர்கள் நோயில்லாதவர்கள். நம்மிடம் வருகிறவரோ வயிற்றில் கட்டியுடன், பசியற்று, ஏற்கெனவே மெலிந்து வருகிறார். அவரை ஆபரேஷன் நாள்வரை கட்டிலில் வைத்திருந்தால் என்ன மிஞ்சும்?

தளர்ச்சி என்பது வயதைக் குறிக்கிற சொல் அல்ல. எண்பதிலும் வயலுக்குப் போகிறவர் உண்டு. அறுபத்தைந்தில் வாசற்படி ஏற முடியாதவரும் உண்டு. 2001 முதல் மருத்துவர்கள் ஐந்து அடையாளங்களைப் பார்க்கிறார்கள்: தானாக எடை குறைதல், எப்போதும் அசதி, கைப்பிடியில் பலமின்மை, நடை மந்தமாதல், நடமாட்டம் குறைதல். மூன்று இருந்தால் அவர் தளர்ந்தவர். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல நாட்கள் இருதயமும் நுரையீரலும் வழக்கத்தைவிட அதிகமாக உழைக்கவேண்டும். கையிருப்பு இல்லாதவர் அந்தச் செலவைத் தாங்கமாட்டார்.

ஆகவே ஆபரேஷனுக்கு மூன்று நான்கு வாரம் இருக்குமானால், அந்த நாட்களில் வீட்டிலேயே கொஞ்சம் பலம் சேர்க்கலாம். அதற்குக் கருவிகள் வேண்டியதில்லை. சுவரோடு ஒட்டிப்போட்ட கனமான நாற்காலி போதும். (பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம்.) அதில் உட்கார்ந்து எழ வேண்டும், முதல் நாள் ஐந்து முறை, பிறகு எட்டு, பத்து. கையை ஊன்றி எழுந்தாலும் பரவாயில்லை. வெயில் தாழ்ந்தபின் நடை. பேச முடிகிற அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தவேண்டும். எதையும் மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே தொடங்கவேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் காத்திருப்பதே ஆபத்து.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. மூன்று பந்துகள் உள்ள கருவியைக் கொடுத்தால் நம் பெரியவர்கள் பலூனைப் போல ஊதிவிடுகிறார்கள்! அதை உள்ளே இழுக்கவேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு முறை, 30 நிமிடம், பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சியை விளக்கியதால், மேல்வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் நுரையீரல் தொல்லைகள் பாதியாகக் குறைந்தன.

சாப்பாட்டில் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் போதாது. முட்டை, பால், பருப்பு, சுண்டல், மீன் என்று தசைக்கு வேண்டியது தட்டில் இருக்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும்.

இதெல்லாம் பலன் தருமா? கானடாவின் மான்ட்ரியால் நகரில் குடல் புற்றுநோய்க்காரர் 77 பேரிடம் சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வாரம் முன்னதாகவே வீட்டில் உடற்பயிற்சியும் சத்துணவும் மனப்பதற்றம் தணிக்கும் பயிற்சியும் தொடங்கியவர்களில் 84 சதவீதம் பேர், ஆபரேஷன் முடிந்த எட்டாம் வாரத்தில் பழைய நடைத்திறனை எட்டினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் தொடங்கியவர்களில் 62 சதவீதம். ஆனால் உண்மையை முழுவதும் சொல்லவேண்டும். அதே நாட்டின் ஒட்டாவா நகரில், தளர்ந்த முதியவர்கள் 204 பேரைக் கொண்டு நடந்த சோதனை 2022-ல் வெளிவந்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கொடுத்த பயிற்சியில் சராசரியாக 61 சதவீதமே செய்யப்பட்டிருந்தது. 80 சதவீதத்துக்குமேல் செய்தவர்களிடத்திலோ நடையும் மேம்பட்டது, சிக்கல்களும் குறைந்தன.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு பெரியவரின் ஞாபகம் வந்தது. கிராமத்திலிருந்து வந்த விவசாயி. இரைப்பையில் கட்டி. நான்கு வாரம் கழித்து வரச்சொல்லி, படம் போட்ட பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது மகன் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாள் மடிப்புக் கலையாமல் பையில் இருந்தது. “அப்பாவை ஒரு வேலையும் செய்ய விடலைங்க ஐயா, தண்ணிகூட நாங்கதான் கையில கொடுத்தோம்” என்று மருமகள் பெருமையாகச் சொன்னார். அவரை எப்படிக் கடிந்துகொள்வது? நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்த அந்த வீட்டுக்கு எங்களில் ஒருவரும் ஒருமுறையும் போகவில்லையே. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் நிமோனியா வந்தது. பிறகு அவர் தனியாகக் கழிப்பறைக்குப் போகும் பலத்தைப் பெறவேயில்லை. வீடு திரும்பி அடுத்த அறுவடையைக் கட்டிலிலிருந்தே கேட்டறிந்தார்.

சென்ற வருடம் ஒரு பாட்டி வந்தார். அவருக்கும் அதே தாள்தான். ஆனால் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரன் பள்ளிவிட்டு வந்ததும் நாற்காலியைப் போட்டு, “இன்னும் மூணு, ஆச்சி” என்று எண்ணியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லையாம். அவருக்கும் காயத்தில் சீழ் பிடித்தது. ஆனாலும் இரண்டாம் நாளே கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றார். பயிற்சியினால்தான் என்று சாதிக்கமாட்டோம்.

உங்கள் காணிக்கை பிசியோதெரபிஸ்ட்டின் சம்பளத்துக்கும் தாள் அச்சடிக்கவும் உதவுகிறது; நன்றி. இம்முறை அதோடு இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் சபையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் முதியவர் இருந்தால், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் அரை மணி நேரம் போய் அவரோடு நடந்து, அவர் எழுந்து உட்காருவதை எண்ண ஒருவரை அனுப்புங்கள். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் போதும். வீட்டாரிடமும் பக்குவமாகப் பேசுங்கள். தண்ணீர்ச் செம்பை ஐந்தடி தள்ளி வைப்பது மரியாதைக் குறைவல்ல என்று அவர்களுக்குப் புரியவேண்டும். எங்கள் தாளையும் மாற்றியிருக்கிறோம். மேலே நோயாளியின் பெயருக்குக் கீழே இப்போது இன்னொரு கோடு இருக்கிறது: “எண்ணுகிறவர் பெயர்.” அது நிரம்பாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.