மாமா வேணாம் என்கிறார்

கேள்வி: வாப்பா சுனாமியில் மௌத்தாகிவிட்டார். மாமாதான் வளர்த்தார். அறுகம்பேயில் கடன் எடுத்து, உல்லாசப் பயணிகள் தங்கக் கபானா போட நினைக்கிறேன். அவர் வேணாம் என்கிறார். கேட்கத்தான் வேணுமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: தம்பி, நபிகளாரும் (ஸல்) வாப்பாவைக் காணாதவர்கள்தான். எட்டு வயதுவரை பாட்டனார் அப்துல் முத்தலிப், அதன்பின் பெரிய தந்தை அபூதாலிப் பொறுப்பெடுத்தார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உங்களுக்கு அந்த இடத்தில் நின்றவர் மாமா. அவர் பேச்சைத் தடையாக எடுக்காதீர்கள், அதில் கணக்கு இருக்கிறது. அங்கே அலைச்சறுக்கு சீசன் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரைதான். மாரி மழையில் அறைகள் வெறுமையாகக் கிடக்கும். கடன் தவணையோ மாதாமாதம் வரும். அசர் தொழுதுவிட்டுக் கொப்பியோடு போய் அவர் பக்கத்தில் இருங்கள். அந்த மழை மாதங்களை எப்படிச் சமாளிப்பது என்று அவரிடமே கேளுங்கள். சின்னதாக, கடனில்லாமல் ஒரு கபானாவோடு தொடங்க அவரே வழி சொல்லவும் கூடும்.