அவையும் ஆய்வும்

வீடு கட்ட விழைவோன் எடுத்த எடுப்பில் கடைகால் தோண்டுவதில்லை. மனையை அளந்து, படம் வரைந்து, அதனைக் கொத்தனாரிடமும் தச்சரிடமும் காட்டி, அவர்கள் கூறும் குறைகளைக் கேட்டறிகிறான். தாளில் வரைந்த சுவரை அழித்தெழுத ஒரு நொடி போதும். எழுப்பிய சுவரை இடித்துக் கட்டவோ பொருளும் காலமும் வீணாகும். ஆய்வும் அத்தகையதே. தொடங்குமுன் அதன் திட்டத்தை எழுதி, அறிந்தோர் அவையில் வைத்து, எழும் வினாக்களுக்கு விடை கூறுதல் இன்றியமையாதது.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமற விளக்கப்பெற்றது என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலோ, சிறப்புப்பாயிரத்தில் அமைய வேண்டுவனவற்றைத் தொகுத்துரைக்கிறது. நூலின் பெயர், அது வந்த வழி, நுதலிய பொருள், கேட்டற்குரியோர், விளையும் பயன் என்பன அவற்றுட் சில. இவற்றோடு, ‘எவ்வாறு ஆராய்வது?’ என்னும் வினாவிற்கு உரிய விடையும் சேருமாயின், அதுவே ஆய்வுத் திட்டமாகும்.

உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி ஆய்வு செய்ய முற்படுகிறாள் என்று கொள்வோம். ‘எங்கள் ஊர் நீர்வளம்’ என்று அவள் முதலில் தலைப்பு எழுதினாள். ஆசிரியர் அதனைப் படித்து, “அம்மா, ஏரியா, ஆறா, கிணறா? எந்தத் திங்களில்? எதனை அளக்கப் போகிறாய்?” என்று வினவினார். மாணவி சிந்தித்தாள். தலைப்பு, ‘மேலைத் தெருக் கிணறுகளில் மார்கழி முதல் பங்குனி வரை நீர்மட்டம் எவ்வளவு தாழ்கிறது?’ என்று மாறியது. முன்னது கடல், பின்னது ஒருவர் தம் கையால் முகந்து பார்க்கத்தக்க குடநீர். விடை காணக்கூடிய வினாவே ஆய்வின் வித்தாகும்.

அடுத்து, வழிமுறையை எழுதினாள். தெருவில் உள்ள ஐந்து கிணறுகளைத் தேர்ந்தாள். கிழமைதோறும் ஒரே நாளில், எவரும் நீர் இறைக்குமுன், விடியற்காலையில், அளவு குறித்த கயிற்றில் எடை கட்டி இறக்கி அளப்பதென்று முடிவு செய்தாள். ஊர்ப் பெரியோர் நினைவில் உள்ள பழைய நீர்மட்டத்தையும் கேட்டெழுதக் கருதினாள். ஆயினும் நினைவு வேறு, அளவு வேறு ஆதலின், இரண்டையும் தனித்தனியே குறிப்பதாகத் திட்டத்தில் எழுதினாள்.

பின்னர் வகுப்பே அவையாயிற்று. மாணவி தாளைப் பார்த்துப் படிக்காமல், அவையோரைப் பார்த்துப் பேசினாள். தன் வினாவையும், அதன் பயனையும், அளக்கும் முறையையும் பத்து நிமிடங்களில் கூறி முடித்தாள். அதன்பின் வினாக்கள் எழுந்தன.

“விடியற்காலையில் அளப்பது ஏன்?” என்றான் ஒருவன். “பகலில் நீர் இறைப்பதால் மட்டம் தாழும், இரவில் ஊற்று மீண்டும் சுரக்கும். ஆதலால் காலை அளவே ஒப்பிடுதற்கு உரியது” என்றாள் அவள்.

“ஐந்து கிணறுகளைக் கொண்டு ஊர் முழுமைக்கும் முடிவு கூறலாமா?” என்றாள் மற்றொருத்தி. “கூறேன். மேலைத் தெருவைப் பற்றி மட்டுமே கூறுவேன்” என்று விடை வந்தது. தன் ஆய்வின் எல்லையை அறிந்தவளை அவ்வினா அசைக்கவில்லை.

மூன்றாவது வினா கடுமையானது. “தெருவை அடுத்த தோட்டத்தில் இரவு முழுவதும் நீரேற்றும் பொறி இயங்கினால், உன் காலை அளவு என்னாகும்?”

மாணவி சற்றுநேரம் வாளாவிருந்தாள். ஏதேனும் சொல்லி மழுப்பியிருக்கலாம், அன்றிச் சினந்திருக்கலாம். அவளோ, “இதனை யான் எண்ணிப் பார்க்கவில்லை. தோட்டத்தார் பொறியை இயக்கும் நேரங்களைக் கேட்டு, அளவுகளுக்கு அருகே குறித்துக்கொள்வேன்” என்றாள். அவை மகிழ்ந்தது. அன்று அவள் தோற்றாள் என்போர் ஆய்வின் இயல்பை அறியாதவர். நான்கு திங்கள் உழைத்தபின் வெளிப்பட்டிருக்கக்கூடிய குறை, ஒரு நாழிகைக்குள் வெளிப்பட்டது. வினவியவன் பகைவனல்லன், உதவியவனே. விடையுள்ள இடத்தில் காரணம் காட்டுதலும், குறையுள்ள இடத்தில் அதனை ஏற்றுத் திருத்துதலும் ஆகிய இரண்டுமே அவையில் ஆய்வைக் காத்தலாகும்.

அவை எப்பொழுதும் இவ்வாறு கனிந்திருக்கும் என்பதில்லை. 1935-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் தம் ஆய்வை எடுத்துரைத்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 24. எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன் வெண்குறுமீனாக நிலைபெற வேண்டுமாயின், அதன் பொருண்மைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பது அவர் கண்ட முடிபு. இன்றைய கணக்கில் அவ்வரம்பு கதிரவனின் பொருண்மையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும். அவர் பேசி முடித்ததும், புகழ்பெற்ற வானியலறிஞர் ஆர்தர் எடிங்டன் எழுந்து அம்முடிபை மறுத்து எள்ளினார். அவையும் பெரியவர் பக்கமே சாய்ந்தது.

சந்திரசேகர் வசைக்கு வசை கூறவில்லை. தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்தார். இயற்பியல் வல்லுநர்களின் கருத்தைக் கேட்டார். 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய தம் நூலில் அம்முடிபை முறையாக நிறுவினார். காலம் செல்லச் செல்ல உலகம் அதனை ஏற்றது. 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவர்க்கும் வில்லியம் பவுலர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்சில் சொற்பொழிவாற்றியவரும் சந்திரசேகரே. தம்மை மறுத்தவரின் அறிவுப் பெருமையை அவர் அங்கு மதிப்புடன் எடுத்துரைத்தார்.

மாணவி தன் குறையை ஏற்றாள். சந்திரசேகர் தம் முடிபில் உறுதியாக நின்றார். இரண்டும் முரணாகத் தோன்றினும் வேர் ஒன்றே. இருவரும் நோக்கியது தம் பெருமையை அன்று, சான்றையே. வினா நியாயமானதாயின், கேட்டவர் சிறுவராயினும் ஏற்க வேண்டும். மறுப்பிற்குச் சான்று இல்லையாயின், கூறியவர் பெரியவராயினும் பணிவுடன் நிலைத்து நிற்க வேண்டும். இவ்விரண்டையும் பகுத்தறியும் ஆற்றலைப் பள்ளிப் பருவத்திலேயே பெறும் மாணவர், எந்த அவையிலும் அஞ்சாது நிற்பர்.