வேதியியல் ஆசிரியரும் படைப்பாக்கச் சிந்தனையும்

முன்னுரை

படைப்பாற்றல் கவிஞர்க்கும் ஓவியர்க்கும் மட்டுமே உரியது என்பது பலரின் எண்ணம். உளவியல் அறிஞர் ஜே.பி. கில்ஃபோர்டு 1950ஆம் ஆண்டு உரையொன்றில் இதனை மறுத்து, அது எல்லாரிடமும் ஏதோ ஓரளவில் அமைந்துள்ளது என்றார். சரளம், நெகிழ்வு, தனித்தன்மை, விரிவாக்கம் என்பன அதன் கூறுகள். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர் இவற்றை வளர்க்கும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

அருகிலுள்ள பொருள்

காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்னும் சொல் அரபியிலிருந்து வந்தது. அது முதலில் செடியின் சாம்பலைக் குறித்தது. கைக்கெட்டிய பொருளை உற்று நோக்கியதில் வளர்ந்ததே வேதியியல் என்பதற்கு அச்சொல்லே சான்று.

தருமபுரி நீர்

நம் மாவட்டத்தில் அத்தகைய பொருள் நிலத்தடி நீர். பல ஊர்களில் அதன் ஃபுளூரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்துள்ளது. குழந்தைகளின் பற்களில் கறை. முதியோர் சிலரின் எலும்புகளில் நோய்.

'கால்சியம் ஃபுளூரைடு நீரில் மிகக் குறைவாகவே கரையும்' என்பதை மாணவர் மனப்பாடம் செய்வர். "அவ்வாறாயின் நம் கிணற்றில் ஃபுளூரைடு மிகுந்தது எவ்வாறு?" என ஆசிரியர் வினவட்டும். பல விடைகள் எழுவது சரளம். பாறை, நீர், உடல் என நோக்கை மாற்றுவது நெகிழ்வு. பாறைக் கனிமங்களிலிருந்து வரும் ஃபுளூரைடு, கால்சியம் குறைந்த நீரில் வீழ்படிவாகாது தங்கிவிடுகிறது என மாணவரே உய்த்துணர்வது தனித்தன்மை. சிர்கோனியம்-அலிசரின் கரைசலின் செந்நிறம் மஞ்சளாவதைக் கண்டு, ஊர்தோறும் நீரை ஒப்பிடுவது விரிவாக்கம்.

"காய்ச்சினால் நீங்குமா?" என்பது அடுத்த வினா. நீங்காது, நீர் ஆவியாக, ஃபுளூரைடின் செறிவு கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு அதனைக் குறைக்கும் நல்கொண்டா முறையை இங்கே விளக்கலாம். 2013இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொணர்ந்த காரணமும் அப்போது தெளிவாகும்.

முடிவுரை

பொதுத்தேர்வு நெருங்குகையில் இதற்கு நேரமேது என ஆசிரியர் கேட்பது நியாயமே. ஆயினும் நல்ல வினாவுக்குக் கருவி வேண்டா; ஐந்து நிமிடம் போதும். சிந்தித்தறிந்த மாணவன் தேர்விலும் தடுமாறான். எந்த நீரை அருந்தலாம் என்பதைத் தன் வீட்டாருக்கும் எடுத்துரைப்பான். கற்ற கல்வி வீட்டின் குடிநீர்ப் பானை வரை சென்று சேர்வதே ஆசிரியரின் படைப்பாற்றலுக்கு உரைகல்லாகும்.