மூடிலுக்குள் ஓர் ஆய்வகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியின் இணையவழிக் கற்றல் தளமான மூடிலில், நிஜக் கருவிகளை இணையம் வழியே இயக்கும் தொலைநிலை ஆய்வகத்தின் முகவரியை ஒட்டிவிட்டால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. மாணவர் அதைச் சொடுக்கி வெளியே போன பிறகு என்ன செய்தார் என்று மூடிலுக்குத் தெரியாது. வந்தவர் யார் என்று ஆய்வகத்துக்கும் தெரியாது.

ஸ்வீடனில் ப்ளெக்கிங்கே தொழில்நுட்பக் கழகத்தில் இங்வார் குஸ்தாவ்சன் உருவாக்கிய ‘விசிர்’ மின்சுற்று ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஐஐடியிலும் அதை நிறுவினார்கள். மாணவர் திரையில் தெரியும் பிரெட்போர்டில் ரெசிஸ்டரைச் செருகுகிறார், வயர் இழுக்கிறார், மல்டிமீட்டரை இணைக்கிறார். பொத்தானை அழுத்தியதும் ஆய்வகத்தில் உள்ள ரிலேக்கள் அதே சுற்றை நிஜப் பாகங்களால் இணைத்து, அளந்து, பிரித்தும் விடுகின்றன. எல்லாம் ஒரு நொடிக்குள். அதனால்தான் ஒரே கருவியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிகிறது. கருவியைக் கெடுக்கும் சுற்றாக இருந்தால் மென்பொருளே மறுத்துவிடும். நிஜப் பாகம் என்பதால் 1,000 ஓம் ரெசிஸ்டர் 990 என்று காட்டலாம். அந்தப் பிசகுக்காகத்தான் இத்தனை பாடும். (மோட்டார், ஹீட்டர் சோதனைகளுக்கு இந்த வசதி இல்லை. ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர். நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும்.)

இத்தகைய ஆய்வகத்தை மூடிலோடு சேர்க்க 2010இல் வந்த எல்டிஐ என்ற பொது விதிமுறை இருக்கிறது. ‘இவர் இன்னார், இந்தப் பாடம், மாணவர்தான்’ என்று மூடில் கையொப்பமிட்டு அனுப்பும். ஆய்வகம் தனியாகக் கடவுச்சொல் கேட்காது. வேலை முடிந்ததும் மதிப்பெண் திரும்பி வரும். பழைய பதிப்புகளில் அது 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒற்றை எண், அவ்வளவுதான்.

அந்த எண்ணோடு திருப்திப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் ரெக்கார்டு நோட்டுகளில் எல்லோருடைய ரீடிங்கும் சூத்திரத்தோடு அப்படியே பொருந்திப் போவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுதியவை. தொலைநிலை ஆய்வகத்தின் சர்வரிலோ மாணவர் போட்ட ஒவ்வொரு சுற்றையும், எடுத்த ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு பதிந்துவைக்க முடியும். அவர் எங்கே தடுமாறினார் என்று அதில்தான் தெரியும். 0.8 என்ற மதிப்பெண் இதைச் சொல்லாது.

ஆகவே ஓர் ஆய்வகத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாணவர் ஒருவரை அம்மீட்டரை வேண்டுமென்றே பக்க இணைப்பில் வைக்கச் சொல்லுங்கள். மறுக்கப்பட்ட அந்த முயற்சி மூடிலில் உங்கள் பார்வைக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்