கணம் வேறு, நாள் வேறு

“மணி என்ன?” என்று ஒருவர் கேட்டால், கைக்கடிகாரத்தைப் பார்த்து விடை கூறிவிடுகிறோம். எந்த ஊர் மணி என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை. காஷ்மீரம் முதல் குமரிமுனை வரையில் ஒரே நேரம் வழங்கும் நாட்டில் வாழ்கிறோம். ஆதலின் அக்கேள்வி நமக்கு எழுவதில்லை. ஆனால், வலைச் செயலி எழுதப் புகும் மாணவர் முதன்முதல் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

இந்த ஒரே நேரமும் தொன்றுதொட்டு வந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஒரு நேரம் வழங்கிற்று. இருப்புப்பாதைகளுக்குச் சென்னை நேரமே பொது நேரமாக அமைந்தது; அது கிரீனிச் நேரத்தைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தொட்டு, 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி 5½ மணி முற்பட்ட இந்திய நேரம் வந்தது. அதன் பின்னரும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பழைய நேரம் பல ஆண்டுகள் நிலவியது. உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரையில், நம் கடிகாரங்கள் 6½ மணி முற்பட்டு ஓடின. இதிலிருந்து நாம் அறிவது யாது? நேர மண்டலம் என்பது வெறும் எண் அன்று. அரசுகள் வகுத்து, அவ்வப்போது மாற்றியும் வரும் விதி அது.

இனிச் செயலிக்கு வருவோம். நாம் சேமிக்கும் காலக்குறிப்புகளை முதலில் இருவகையாகப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று கணம், மற்றொன்று நாள்.

ஒரு மாணவி தேர்வுக் கட்டணத்தைச் செலுத்தினாள் என்று கொள்வோம். அது நிகழ்ந்த கணம் உலகெங்கும் ஒன்றே. டில்லியில் அப்போது இரவாகவும் நியூயார்க்கில் பகலாகவும் இருக்கலாம், கணம் மாறுவதில்லை. இத்தகைய கணத்தை யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமித்தல் வேண்டும். பெரும்பாலான கணினிகள் 1970 ஜனவரி முதல் நாள் தொடங்கி எண்ணிவரும் நொடிக்கணக்கும் இதுவே. திரையில் காட்டும் வேளையில்தான் அதைக் காண்பவரின் நேரத்துக்கு மாற்றவேண்டும். அப்போதும் 5½ மணி என்று கையால் கூட்டலாகாது. ‘ஏசியா/கொல்கத்தா’ என்பது போன்ற மண்டலப் பெயரைக் கொடுத்தால், உலக நேர விதிகளையெல்லாம் தொகுத்துள்ள அட்டவணையைப் பார்த்துக் கணினியே சரியாக மாற்றித் தரும்.

பிறந்த நாள் அவ்வாறானதன்று. ஒருவர் 2004 ஜூன் 15 அன்று பிறந்தார் என்றால், அவர் எந்த நாட்டுக்குச் சென்றாலும் அது ஜூன் 15தான். அதற்கு மணியும் இல்லை, மண்டலமும் இல்லை. அதைக் கணமாகக் கருதி மாற்றுவதே பல தவறுகளுக்கு வேர்.

அத்தவறு நேரும் வகையைக் காண்போம். விண்ணப்பப் படிவத்தில் ஒருவர் ஜூன் 15 என்று தேர்ந்தெடுக்கிறார். உலாவி அதை இந்திய நேரப்படி அன்று நள்ளிரவு 12 மணி என்று கொள்கிறது. சர்வருக்கு அனுப்பும்போது அது பொது நேரமாக மாறி, ஜூன் 14 மாலை 6.30 ஆகிவிடுகிறது. சர்வர் மணியை நீக்கிவிட்டு நாளை மட்டும் குறித்துக்கொள்கிறது. பதிவானது ஜூன் 14! ஒரு நாள்தானே என்று தள்ளிவிட முடியுமா? பள்ளிச் சான்றிதழில் ஒரு நாளும் விண்ணப்பத்தில் ஒரு நாளும் இருந்தால், தவறேதும் செய்யாத மாணவர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்க நேரிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ‘2004-06-15’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘டேட்’ அதைப் பொது நேர நள்ளிரவு என்று படிக்கிறது. இந்தியாவில் அது அதே நாள் காலை 5.30, ஆகவே திரையில் நாள் சரியாகவே தோன்றும். நியூயார்க்கிலோ அது முந்தைய நாள் இரவு 8 மணி. அங்கே ஜூன் 14 என்று காட்டும். நம் அறையில் அமர்ந்து எத்தனை முறை சோதித்தாலும் இப்பிழை வெளிப்படாது! ஆதலின், நம் கணினியின் மண்டலத்தை ஒரு முறை நியூயார்க்குக்கும், ஒரு முறை 5 மணி 45 நிமிடம் முற்பட்ட காட்மாண்டுவுக்கும் மாற்றிச் சோதித்தல் நலம். பிறந்த நாளை ஆண்டு, மாதம், தேதி என்னும் எழுத்து வடிவிலேயே அனுப்பி, டேட்டாபேஸிலும் மணியில்லாத தேதி வகையிலேயே சேமித்தால் இவ்விரு பிழைகளும் நேரா.

வருங்கால நிகழ்ச்சிகளுக்கு மற்றொரு விதி வேண்டும். இலங்கை 1996இல் தன் நேரத்தை இருமுறை மாற்றியது. 2006 ஏப்ரலில் 6 மணியிலிருந்து பழைய 5½ மணிக்குத் திரும்பியது. அம்மாற்றத்துக்கு முன்பே, கொழும்பில் மே மாதம் மாலை 6 மணிக்கு ஒரு கூட்டம் என்று குறித்து, அதைப் பொது நேரம் 12 மணி என்று மட்டும் சேமித்திருந்தால் என்னவாகும்? மாற்றத்துக்குப் பின் அது மாலை 5.30 என்று காட்டும். ஆகவே, வருங்கால நிகழ்ச்சிக்கு ஊர் மணியையும் மண்டலப் பெயரையும் சேர்த்தே சேமிக்கவேண்டும். டில்லியில் மாலை 7 மணிக்கு நடக்கும் வாராந்தர வகுப்பு, லண்டனில் குளிர்காலத்தில் பகல் 1.30க்கும் கோடையில் 2.30க்கும் தொடங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

இறுதியாக, காட்டும் முறை. ‘கடைசி நாள் 3/7’ என்று எழுதுவது போதாது. நமக்கு அது ஜூலை 3. அமெரிக்கருக்கு மார்ச் 7. ‘ஜூன் 30, இரவு 11.59 வரை, இந்திய நேரப்படி’ என்று எழுதுக. நியூயார்க்கிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அது அன்று பிற்பகல் 2.29 என்பதையும் கீழே காட்டுக. இரவுவரை பொழுதிருக்கிறது என்று நம்பி அவர் வாய்ப்பை இழக்கமாட்டார்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்கூட, அது எந்த ஊருக்குக் கணித்தது என்று கேட்ட பிறகே பக்கத்தைப் புரட்டுவார். செயலி எழுதும் நாமும் கேட்போம்: இது கணமா, நாளா, வருங்கால நிகழ்ச்சியா? எந்த ஊர் நேரம்? இவற்றுக்கு விடை கண்ட பின் முதல் வரியை எழுதினால், முகம் அறியாத ஒருவருடைய நாள் நம் கையில் பிழைபடாது.