ஜி.பி.எஸ். திரையில் '3 மீட்டர்' என்று காட்டினால் என்ன பொருள்?

கையடக்க ஜி.பி.எஸ். ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதன் திரையில் 'அக்யூரசி 3 மீ' என்பது போன்ற ஓர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். மொபைல் போனில் மேப் திறந்தால், நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர் நீல வட்டம் தெரியும். அதுவும் இதே விஷயம்தான். புதிதாகக் கருவி வாங்கியவர்களில் பெரும்பாலோர், "நான் நிற்கும் இடத்துக்கும் இது காட்டும் இடத்துக்கும் அதிகபட்சம் 3 மீட்டர்தான் வித்தியாசம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், இன்ஜினியரிங் படித்திருக்கிறேன். அப்படியிருந்தும் இந்த எண் என்னை ஏமாற்றிவிட்டது. எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டரை சென்ட் பிரச்சினை

எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம். அப்பாவின் வயலும் சித்தப்பாவின் வயலும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை சுமார் 100 மீட்டர் நீளம். 2022-ல் ஊருக்குப் போனபோது, அந்த எல்லையின் ஒரு மூலையில் இருந்த சர்வே கல்லின் பக்கத்தில் நின்று, மலையேற்றத்துக்காக வாங்கிய என் ரிசீவரில் அந்த இடத்தைப் பதிந்து வைத்தேன். சும்மா ஓர் ஆர்வம்தான்.

அடுத்த வருடம் வாய்க்கால் தூர் வாரியபோது மண்ணை அங்கே கொட்டியதில் கல் மறைந்துவிட்டது. 2024-ல் அப்பா கம்பி வேலி போட முடிவு செய்து ஆளும் சொல்லிவிட்டார். கல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ரிசீவரை எடுத்துக்கொண்டு போனேன். பதிந்து வைத்த இடத்தை அது காட்டியது. திரையில் 3 மீட்டர் என்று இருந்தது. அந்த இடத்தில் ஒரு குச்சியை அடித்தேன். சித்தப்பா பார்த்துவிட்டு, "கல்லு இவ்வளவு தள்ளி இல்லையே தம்பி" என்றார். நான் திரையைக் காட்டினேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார்.

பத்து நாள் கழித்து சர்வேயர் வந்து, புலப்படத்தை வைத்து அளந்து, ஓர் இடத்தில் தோண்டச் சொன்னார். இரண்டடி மண்ணுக்குக் கீழே கல் இருந்தது. என் குச்சி அதிலிருந்து 7 மீட்டர் தள்ளி, சித்தப்பாவின் வயலுக்குள் இருந்தது. ஒரு மூலை மட்டும் நகர்ந்ததால் கணக்கு முக்கோணமாக வரும். 100 × 7 ÷ 2 = 350 சதுர மீட்டர். அதாவது எட்டரை சென்ட்டுக்கும் சற்று அதிகம். வேலி போட்டிருந்தால் அவ்வளவு நிலத்தை எங்கள் பக்கம் சேர்த்திருப்போம். "உன் மெஷின் மூணு மீட்டர்னுதானேப்பா சொல்லுச்சு?" என்று சித்தப்பா கேட்டார். அவருக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரிசீவர் எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன என்பதை ரேடியோ சிக்னலாக அனுப்பிக்கொண்டே இருக்கும். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் தூரம் தெரிந்தால், ரிசீவர் தன் இடத்தையும் சரியான நேரத்தையும் கணக்கிட்டுவிடும்.

ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. எனவே நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். இப்படிப் பிழை நுழைய வழிகள் பல:

1. காற்றுமண்டலம்: பூமிக்கு மேலே உள்ள அயனோஸ்பியர் என்ற மின்னேற்றம் பெற்ற அடுக்கு சிக்னலைத் தாமதப்படுத்தும். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் நம் பகுதியில் இதன் பாதிப்பு அதிகம். சூரியன் மறைந்த பின் சில மணி நேரத்துக்கு, அதிலும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், சிக்னல் தடுமாறுவது உண்டு.

2. எதிரொலிப்பு: சுவர், பாறை, தகரக் கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் சுற்றுவழியில் வருவதால், தூரம் கூடுதலாகத் தெரியும்.

3. மறைப்பு: அடர்ந்த மரங்கள் சிக்னலை வலுவிழக்கச் செய்யும். உங்கள் உடம்பும் ஒரு மறைப்புதான்.

4. சாட்டிலைட்டின் கடிகாரம், பாதை பற்றிய விவரங்களில் உள்ள சிறு பிழைகள்.

முன்பெல்லாம் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறும். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

இதுதான் முக்கியமான விஷயம். தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் மாணவனிடம் "எவ்வளவு மார்க் வரும்?" என்று கேட்டால், "எண்பது வரும்" என்பான். விடைத்தாளை இன்னும் யாரும் திருத்தவில்லை. கேள்விகள் எப்படி இருந்தன, எத்தனை எழுதினான் என்பதை வைத்து அவனாகச் சொல்வது அது. ரிசீவர் காட்டும் '3 மீட்டர்' என்பதும் அப்படித்தான். உண்மையான இடம் ரிசீவருக்குத் தெரியாது. தெரிந்தால் அதையே காட்டிவிடுமே! எத்தனை சாட்டிலைட் கிடைக்கிறது, சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது, சாட்டிலைட்டுகள் வானத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பவற்றை வைத்து, "பிழை இவ்வளவு இருக்கலாம்" என்று ஊகிக்கிறது.

இதில் சாட்டிலைட்டுகள் பரவியிருக்கும் விதம் ஏன் முக்கியம்? ஒரு தாளில் தடிமனான ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கோடுகளை நேர்க்குறுக்காக வரையுங்கள். அவை வெட்டும் இடம் ஒரு சிறு சதுரம். இப்போது இரண்டையும் மிகவும் சாய்வாக, கிட்டத்தட்ட ஒன்றையொன்று ஒட்டியபடி வரையுங்கள். வெட்டும் இடம் நீண்டுவிடும். சாட்டிலைட்டுகள் நான்கு திசையிலும் பரவியிருந்தால் முதல் நிலை. எல்லாம் ஒரே பக்கம் கூடியிருந்தால் இரண்டாம் நிலை. இதை ஹெச்.டி.ஓ.பி. என்ற எண்ணால் குறிப்பார்கள். சில ரிசீவர்கள் இதைத் திரையிலேயே காட்டும். 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 5-க்கு மேல் போனால் நம்ப வேண்டாம்.

சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னல் வலுவாகவே வந்தால், பல சமயம் ரிசீவரால் அதை அடையாளம் காண முடியாது. அப்போது '3 மீட்டர்' என்று காட்டிக்கொண்டே 10 மீட்டர் தள்ளியும் நிற்கும்.

எத்தனை சதவீதம்?

இன்னொரு விஷயம். அந்த 3 மீட்டர் ஒரு வேலி கிடையாது. "இவ்வளவு சதவீத வாய்ப்பில் 3 மீட்டருக்குள்" என்று படிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் இது 68 சதவீதம் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதாவது, ஏறத்தாழ மூன்று முறைக்கு ஒரு முறை நீங்கள் வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். கையடக்க ரிசீவர்களில் இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 50 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

100-க்கு 95 முறை சரியாக இருக்கும் எல்லை வேண்டுமா? பிழை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், 68 சதவீத எண்ணை 1.6-ஆல் பெருக்குங்கள். 50 சதவீத எண்ணை இரண்டால் பெருக்குங்கள். 3 மீட்டர் என்பது முறையே ஏறத்தாழ 5 மீட்டர், 6 மீட்டர் ஆகிவிடும்.

என் குச்சி தவறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பயன்படுத்தியது இரண்டு அளவுகள். 2022-ல் பதிந்ததில் ஒரு பிழை, 2024-ல் தேடிப் போனதில் ஒரு பிழை. இரண்டும் சேரும்போது வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3 × 3 + 3 × 3 = 18. அதன் வர்க்கமூலம் 4.2. இதை 1.6-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 7 மீட்டர்! ரிசீவர் கெட்டுப்போகவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. திரையில் இருந்ததை நான்தான் தவறாகப் படித்தேன்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

உங்கள் கருவியின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே சோதிக்கலாம். ரிசீவரோ போனோ எதுவானாலும் சரி.

1. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தள்ளி, வானம் நன்றாகத் தெரியும் ஓர் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள்.

2. கருவியின் செட்டிங்ஸில் 'பொசிஷன் ஃபார்மட்' பகுதிக்குச் சென்று டெசிமல் டிகிரியைத் தேர்ந்தெடுங்கள். போனில் இதற்கென உள்ள இலவச அப்ளிகேஷன்கள் அட்சரேகை, தீர்க்கரேகை, அக்யூரசி மூன்றையும் காட்டும்.

3. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என ஐந்து நாள் அளவு எடுங்கள். ஒவ்வொரு முறையும் கருவியை ஆன் செய்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். சற்று நடந்துவிட்டு வந்து குறியின் மேல் வையுங்கள். அசையாமல் இருந்தால் சில கருவிகள் பழைய இடத்தையே பிடித்துக்கொள்ளும்.

4. பத்து அளவுகளையும் எக்ஸெல் போன்ற ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் மூன்று நெடுவரிசைகளில் டைப் செய்யுங்கள். அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் தனித்தனியே சராசரி எடுங்கள்.

5. ஒவ்வொரு அளவிலிருந்தும் சராசரியைக் கழியுங்கள். அட்சரேகை வித்தியாசத்தை 1,10,600-ஆலும், தீர்க்கரேகை வித்தியாசத்தை 1,09,300-ஆலும் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். (தமிழகத்தின் நடுப்பகுதிக்கான எண்கள் இவை. மற்ற மாவட்டங்களிலும் இந்தச் சோதனைக்குப் போதும்.)

6. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். சராசரியிலிருந்து அந்த அளவு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது தெரியும். கருவி காட்டிய அக்யூரசி எண்ணுடன் அதை ஒப்பிடுங்கள்.

பத்தில் ஐந்து முதல் ஏழு வரை அந்த எண்ணுக்குள் இருந்தால், உங்கள் கருவி நேர்மையாகத்தான் சொல்கிறது. மூன்று நான்கு வெளியே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு நீங்கள் அந்த எண்ணைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

சில குறிப்புகள்

* திரையில் 11.234567 என்று ஆறு தசம இலக்கம் இருந்தால் துல்லியம் என்று நினைக்காதீர்கள். ஐந்தாவது இலக்கம் சுமார் 1.1 மீட்டர், ஆறாவது சுமார் 11 சென்டிமீட்டர். சாதாரண போனில் ஆறாவது இலக்கத்துக்கு மதிப்பில்லை.

* எண் ஆடாமல் நிற்பதால் அது சரி என்று ஆகாது. சில நிமிடங்களுக்குள் எடுக்கும் அளவுகளில் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். ஓர் இடத்தைக் கவனமாகப் பதிய வேண்டுமானால், குறைந்தது 90 நிமிட இடைவெளியில் நான்கைந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். சில ரிசீவர்களில் 'ஆவரேஜிங்' என்ற வசதியே இருக்கும்.

* பிழைத்திருத்தம் அனுப்பும் ககன் என்ற அமைப்பை இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து, முக்கியமாக விமானங்களுக்காக உருவாக்கின. சில ரிசீவர்களும் இதைப் பயன்படுத்தும். செட்டிங்ஸில் 'வாஸ்' என்ற பெயரில் இருந்தால் ஆன் செய்து பாருங்கள்.

* பழைய சர்வே வரைபடத்துடன் ஒப்பிடுபவர்கள் 'டேட்டம்' செட்டிங்கைக் கவனியுங்கள். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற வேறு அடிப்படையில் வரையப்பட்டவை. இதைக் கவனிக்காவிட்டால் தென்னிந்தியாவில் 100 மீட்டருக்கு மேல் தவறும். அக்யூரசி எண்ணில் இது தெரியவே தெரியாது.

எதற்கு நம்பலாம்?

வழி தேட, மலையேற்றத்தில் கூடாரத்துக்குத் திரும்பிவர, வயலின் பரப்பைத் தோராயமாகப் பார்க்க, இந்தக் கருவிகள் தாராளமாகப் போதும். எல்லைக் கல், சுவர், வேலி என்று வந்துவிட்டால் போதாது. அங்கே சர்வேயரும் புலப்படமும்தான் வேண்டும். இப்போது சர்வேக்குப் பயன்படும் ஜி.பி.எஸ். கருவிகள் சென்டிமீட்டர் அளவுக்குச் சொல்கின்றன. ஆனால் அவை, இடம் துல்லியமாகத் தெரிந்த வேறொரு நிலையத்திலிருந்து திருத்தம் வாங்கிக்கொண்டு வேலை செய்பவை. நம் கையில் இருப்பது வேறு.

கல் கிடைத்த அன்று மாலையே அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வேலி இப்போது கல்லை ஒட்டித்தான் போகிறது. அந்த ரிசீவர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் '3 மீட்டர்' என்று வரும்போதெல்லாம் மனதுக்குள் '6 மீட்டர்' என்று படித்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே படியுங்கள்.